பத்தாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியட் கிடையாதா?

மூன்றாம் மாடி அம்மா

என் மகள் பத்தாம் வகுப்பு. கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் உண்டு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவள் மைதானத்தில் கால் வைக்கவில்லை. ஒன்றைக் கணக்குக்கும் இன்னொன்றை அறிவியலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். போன வாரம் கரண்ட் போய் லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த என் மாமியார் முந்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இப்படி இரைக்கலாமா? பெற்றோர் கூட்டத்தில் கேட்டால், "ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கோங்க" என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் இதையேதான் சொன்னார்கள். நான் கேட்பது தவறா?

கணக்கு வாத்தியார்

கேட்பது தவறில்லை அம்மா. ஆனால் பி.டி. பீரியடைக் கேட்டு வாங்குகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் என் பக்கத்தையும் சொல்கிறேன். அரசுப் பள்ளி. வகுப்பில் 42 பேர். அதில் பத்துப் பேருக்கு மேல் பின்னத்தைக் கூட்டவே தடுமாறுகிறார்கள். நான் நடத்த வேண்டியதோ இருபடிச் சமன்பாடு. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, டியூஷனுக்குப் பணமும் இல்லை. அவர்களுக்கு 35 மார்க் என்பது அடுத்த வாசல். அந்த வாசல் சாத்திக்கொண்டால் செப்டம்பரில் சித்தாள் வேலைக்குப் போய்விடுவார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டு ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கும். கணக்கு என்னை விட்டால் அவர்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது. போதாக்குறைக்கு, பாதிப் பேர் சைக்கிள் மிதித்தே பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி குறைவு என்று என்னால் நம்ப முடியவில்லை.

விசில் வாத்தியார்

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு சார் சொல்லும் பத்துப் பேரை எனக்கும் தெரியும். என் கிரவுண்டில் ஓடியவர்களும் அவர்கள்தான்.

முதலில் சைக்கிள் விஷயம். சைக்கிள் மிதித்தால் இதயமும் நுரையீரலும் பலப்படும், தொடையும் உரமேறும். ஆனால் எலும்பு கெட்டிப்பட அது போதாது. உடம்பின் எடை தரையில் மோத வேண்டும்: குதிக்க வேண்டும், ஓட வேண்டும், சட்டென்று நின்று திரும்ப வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தாங்கப்போகும் எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு தேவை, வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளி கொடுப்பது 80, 90 நிமிடம். அதையும் வாங்கிக்கொண்டால் என்ன மிச்சம்?

குறை எங்கள் பக்கமும் உண்டு. பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்த வருடங்கள் என் சர்வீஸிலும் இருக்கின்றன. பத்துப் பையன்கள் ஆடுவார்கள், முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பீரியடை யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் நினைத்ததில் வியப்பில்லை.

பிற்பாடு மாற்றிக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் மெதுவோட்டம், கழுத்து முதல் கணுக்கால் வரை மூட்டுகளைச் சுழற்றுவது. அடுத்த இருபது நிமிடம் கோ-கோ அல்லது ஷட்டில் ரன். வகுப்பை நாலாகப் பிரித்தால் யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை. அப்புறம் பத்து நிமிடம் தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தண்டால். தோப்புக்கரணத்தைத் தண்டனையாகக் கொடுத்தே கெடுத்துவிட்டோம்; முதுகை நேராக வைத்துச் செய்தால் காலுக்கு அருமையான பயிற்சி. கடைசி ஐந்து நிமிடம் தசையை நீட்டித் தளர்த்துவது. வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஓடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாடினால் இன்னும் கொஞ்சம் வேகம், பேச்சே வராவிட்டால் நிறுத்தி நடக்கச் சொல்வேன்.

பிளஸ் ஒன் பொண்ணு

பி.டி. பீரியட் கொடுத்தாலும் எங்களுக்கு கிரவுண்ட் கிடைக்காது சார். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், நாங்கள் ஓரமாக உட்கார்ந்து நோட்டு எழுதுவோம். துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு எப்படி ஓடுவது? மாதத்தில் சில நாள் டாய்லெட்டை நினைத்தே பயமாக இருக்கும். எட்டாம் வகுப்பு வரை நான் நன்றாக ஓடுவேன். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

கணக்கு வாத்தியார்

இதைத்தான் சொல்கிறேன். பாதி வகுப்பு நோட்டு எழுதிக்கொண்டிருக்கும் என்றால் என் வகுப்பில் உட்கார்ந்து எழுதட்டுமே.

விசில் வாத்தியார்

சார், கணக்கில் பாதி வகுப்பு தேறாவிட்டால் கணக்கையா எடுத்துவிடுகிறோம்? சொல்லிக்கொடுக்கும் விதத்தை அல்லவா மாற்றுகிறோம். தங்கச்சி, உங்கள் ஆசிரியரிடம் பெண்களுக்கென்று தனி நேரமும், துப்பட்டா இல்லாமல் டி-ஷர்ட், டிராக் பேண்ட்டும் கேளுங்கள். வகுப்பே சேர்ந்து கேளுங்கள்.

சத்துணவு அக்கா

ஓட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வயிற்றை யாரும் கேட்கவில்லையே. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸ் என்று எட்டு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்துவிடுகிறார்கள். பதினோரு மணிக்குக் கூடத்து ஜன்னலில் வந்து நின்று, "அக்கா, சோறு ஆயிடுச்சா?" என்று கேட்கிற முகத்தை கணக்கு சார் ஒரு நாள் வந்து பார்க்கட்டும்.

மதியம் முட்டை கொடுத்தால் மஞ்சள் கருவைத் தோண்டிக் குப்பைக் கூடையில் போடுகிறார்கள், குண்டாகிவிடுவோமாம். முட்டையின் இரும்புச்சத்து, வைட்டமின் டி எல்லாம் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது, புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கும் அதில்தான். சாயங்காலம் பார்த்தால் பப்ஸும் கலர் பாட்டிலும். 250 மில்லி பாட்டிலில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. எங்கள் வாசலிலிருந்து கடைக்கு இருபது அடி.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் போகட்டும். கீரைச் சோற்றில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

கணக்கு வாத்தியார்

அக்கா சொன்னது உறைத்தது. எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைப்பவன் நான்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இதுவரை ஒருவரையும் கேட்டதில்லை. நாளை முதல் கேட்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் சொன்னால் சுண்டலுக்கும் வாழைப்பழத்துக்கும் வழி பிறக்கும்.

பீரியட் விஷயத்தில் பாதி வழிதான் வருவேன். இரண்டில் ஒன்றைத் திருப்பித் தருகிறேன், அதுவும் டிசம்பர் வரை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வேன். அந்த மூன்று மாதத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

மூன்றாம் மாடி அம்மா

அந்த மூன்று மாதத்தில்தான் சார் இவள் ராத்திரி தூங்குவதில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று அழுகிறாள். அப்போதுதான் அதிகமாக ஓட வேண்டும் என்கிறேன். இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

தலைமையாசிரியரைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். இன்னும் ஆறு அம்மாக்கள் வருகிறார்கள். பி.டி. சார் எழுதிய நாற்பது நிமிடத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகிறேன். மைதானம் காலியில்லை என்று சொன்னால் வராந்தாவில் செய்ய முடியுமா?

விசில் வாத்தியார்

முடியும் அம்மா. பத்து ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுங்கள். ஒருவர் ஒரு நிமிடம் குதிக்கட்டும், அதற்குள் அடுத்தவர் சுவரில் தண்டால் எடுக்கட்டும், அப்படியே மாற்றிக்கொள்ளலாம். தரை ஈரமாக இருந்தால் மட்டும் வேண்டாம்.