கலைச்சொல் விவாதம்: நடுவானில் எரிபொருள் – ‘குழாய்’ என்ற ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலிய விமானப்படையின் 33ஆம் ஸ்குவாட்ரன் வரலாற்றுக் கட்டுரையைச் செம்மைப்படுத்தும்போது ஒரு சொல் முட்டுக்கட்டையாக நிற்கிறது. இந்தப் பிரிவு 1942 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில்லில், ஷார்ட் எம்பயர் பறக்கும் படகுகளோடு தொடங்கியது. நியூ கினிப் போர்முனைக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச் சென்றது. பிறகு டகோட்டா போக்குவரத்து விமானங்களுக்கு மாறியது, 1946இல் கலைக்கப்பட்டது. 1983இல் ரிச்மண்ட் தளத்தில் போயிங் 707களுடன் மீண்டும் அமைந்தது. 1990களின் தொடக்கத்தில் அவற்றில் நான்கு, பறந்தபடியே பிற விமானங்களுக்கு எரிபொருள் தரும் டேங்கர்களாகவும் மாற்றப்பட்டன. 707கள் 2008இல் ஓய்வுபெற்றன; 2011 முதல் ஆம்பர்லி தளத்தில் கேசி-30ஏ டேங்கர்கள் இருக்கின்றன.

வரைவில் எல்லா இடத்திலும் “எரிபொருள் நிரப்பும் குழாய்” என்றே இருக்கிறது. அதனால் ஒரு வரி விளங்காமல் போகிறது: “707இன் குழாய் ஹார்னெட் விமானங்களுக்குப் பயன்பட்டது, எஃப்-111க்குப் பயன்படவில்லை.” இரண்டும் ஒரே விமானப்படையின் போர் விமானங்கள். ஏன் ஒன்றுக்கு முடிந்தது, மற்றதற்கு முடியவில்லை? இந்தக் கேள்விக்குச் சொல்லே விடை தர வேண்டும்.

டேங்கருக்கு “எரியூட்டி” என்று ஒரு பரிந்துரை வந்துள்ளது. கருத்துச் சொல்லுங்கள்.

———

> டேங்கருக்கு “எரியூட்டி”

வேண்டவே வேண்டாம். எரியூட்டுதல் என்றால் சிதைக்குத் தீ வைப்பது. “விமானத்துக்கு எரியூட்டப்பட்டது” என்று செய்தித்தாளில் படித்தால் என்ன நினைப்பார்கள்? ‘எரிபொருள்’ என்ற சொல்லைச் சுருக்குகிற ஆசையில் இந்தப் பள்ளத்தில் விழக் கூடாது.

ஊட்டுதல் என்ற வினை நல்ல வினை. ‘நிரப்புதல்’ தரையில் நிற்கும் லாரியும் செய்வது. ஒன்று கொடுக்க, மற்றொன்று நெருங்கி வந்து வாங்கிக்கொள்ளும் செயலுக்கு ‘ஊட்டல்’ பொருந்தும். என் முன்மொழிவு: வானூட்டல், வானூட்டி.

குழாய்ச் சிக்கலுக்கு வருகிறேன். முறைகள் இரண்டு. இரண்டிலும் யார் கை வேலை செய்கிறது என்பதே வேறுபாடு.

முதல் முறையில் டேங்கர் ஒரு நெகிழ்குழாயைப் பின்னால் தொங்கவிடுகிறது. அதன் நுனியில் இறகுப்பந்து வடிவில் ஒரு கூண்டு. விமானிகள் அதைக் கூடை என்றுதான் சொல்கிறார்கள். நாமும் ‘கூடை’ என்றே வைக்கலாம். வாங்கும் விமானத்தின் மூக்கருகே நீண்டிருக்கும் குழலைக் கூடைக்குள் செருகுவது வாங்கும் விமானியின் பொறுப்பு. நெருங்கும் வேகம் டேங்கரை விட மணிக்கு 5 முதல் 9 கிலோமீட்டர்தான் கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது விரைந்த நடை அளவு. அதற்குக் குறைந்தால் பூட்டு விழாது. கூடினால் ஆபத்து. செருகியதும் விமானம் குழாயை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தொய்வை டேங்கரில் உள்ள சுற்றுருளை உடனே சுருட்டி எடுக்க வேண்டும். உருளை தாமதித்தால் தொய்வு ஓர் அலையாகிக் குழாய் வழியே ஓடும். டேங்கர் முனையில் மோதித் திரும்பிவந்து சாட்டையாக அடிக்கும். அப்போது குழலின் நுனி முறியும். விமானத்தின் உடலைக் காப்பதற்காகவே அந்த நுனியைப் பலவீனமாக வடிவமைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் முறையில் டேங்கரின் வாலடியில் விறைப்பான, நீளும் குழாய் ஒன்று இருக்கும். அதற்குச் சிறு சிறகுகள் உண்டு. வாங்கும் விமானம் பின்னால் தன் இடத்தில் அசையாமல் நின்றால் போதும். டேங்கரில் இருக்கும் இயக்குநர் குழாயைத் திருப்பி, நீட்டி, அந்த விமானத்தின் மேற்புறத் துளைக்குள் இறக்குவார்.

ஹார்னெட்டில் இருப்பது நீட்டிய குழல். எஃப்-111இல் இருந்தது துளை. 707களில் இறக்கை நுனியருகே கூடைகள் மட்டுமே இருந்தன. வரைவில் விளங்காத வரிக்கு விடை அவ்வளவுதான்.

———

‘வானூட்டல்’ குறித்து ஒரு தயக்கம். மின்னூட்டல் என்றால் மின்னை ஊட்டுவது. அதே வாய்பாட்டில் வானூட்டல் ‘வானத்தை ஊட்டுவது’ என்றாகாதா?

இரண்டாம் முறைக் குழாய்க்கு ‘கழை’ என்பதை முன்வைக்கிறேன். நீண்டு விறைத்த கோல் என்பதற்குப் பழகிய சொல். கழைக்கூத்தாடியைத் தெரியாதவர் இல்லை. முழுச்சொல் ‘ஊட்டுகழை’. அதை இயக்குபவர் கழை இயக்குநர். கேசி-30ஏவில் அவர் வால்பகுதிச் சன்னலருகே படுத்துப் பார்ப்பதில்லை, விமானி அறையில் முப்பரிமாணக் கேமராத் திரையைப் பார்த்து இயக்குகிறார். ஆகையால் ‘வாற்குழாயர்’ போன்ற சொற்கள் பொருந்தா.

———

> ‘வானத்தை ஊட்டுவது’ என்றாகாதா?

ஆகாது. வான்தாக்குதல் வானத்தைத் தாக்குவதில்லை, வானிலிருந்து தாக்குவது. ‘வான்’ இடத்தைக் குறிக்கும் வழக்கு ஏற்கனவே ஊன்றிவிட்டது. வானூட்டல் நிற்கும்.

கழையை முழுமனதோடு ஏற்கிறேன். வாங்கும் பக்கத்துக்கும் இணைச்சொற்கள் தேவை. நீட்டிய குழல் ‘ஏற்புக்குழல்’, மேற்புறத் துளை ‘ஏற்புவாய்’. அகராதியில் ஏற்புக்குழலைத் தேடுபவர் கண்ணில் அடுத்த வரியிலேயே ஏற்புவாயும் படும். ‘சலாகை’ என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். சலாகை உள்ளீடற்றதாக இருக்க வேண்டியதில்லை. இதுவோ எரிபொருள் ஓடும் வழி. ஆகவே குழல்தான்.

இந்தச் சொற்கள் ஆஸ்திரேலியக் கட்டுரைக்கு மட்டுமல்ல. ஆக்ராவில் உள்ள இந்திய ஐஎல்-78கள் கூடைமுறை வானூட்டிகள். சுகோய்-30, தேஜஸ் விமானங்களில் ஏற்புக்குழல் உண்டு. இந்தியாவின் சி-17 சரக்கு விமானங்களில் இருப்பதோ ஏற்புவாய். ஐஎல்-78 அவற்றுக்கு ஊட்ட முடியாது. ஆஸ்திரேலிய கேசி-30ஏ, இந்திய விமானங்களுக்கு வானூட்டல் செய்ய வழிவகுக்கும் உடன்பாடு 2024 நவம்பரில் டெல்லியில் கையெழுத்தானது. கேசி-30ஏவில் வால்கழை ஒன்று, இறக்கைக் கூடைகள் இரண்டு. கழை நிமிடத்துக்குச் சுமார் 4,500 லிட்டர் தரும். கூடை சுமார் 1,600 லிட்டர். பெரிய விமானங்களுக்குக் கழையை விரும்புவது இந்த வேறுபாட்டால்தான்.

சோதனைகளில் ‘உலர் இணைப்பு, ஈர இணைப்பு’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம். எரிபொருள் பாயாமல் பூட்டிப் பார்ப்பது ‘வெற்றிணைப்பு’, பாய்ந்தால் ‘ஊட்டிணைப்பு’. 2018 செப்டம்பரில் தேஜஸ் முதலில் வெற்றிணைப்புகள் செய்தது; 10ஆம் தேதி 20,000 அடியில் ஐஎல்-78இடமிருந்து 1,900 கிலோ வாங்கியது. எழுதிப் பாருங்கள், சொல் இடறவில்லை.

———

இன்னொரு குழப்பம். வரைவில் “கேசி-30ஏ 111 டன் ஊட்டும்” என்று இருக்கிறது. தவறு. 111 டன் என்பது அதன் தொட்டிகள் கொள்ளும் மொத்த அளவு. தானும் அதே எரிபொருளில்தான் பறக்கிறது. தளத்திலிருந்து 1,800 கிலோமீட்டர் சென்று 4 மணி நேரம் வட்டமிட்டால், பிறருக்குத் தரக்கூடியது சுமார் 50 டன். ஆகவே ‘கொள்ளளவு’ வேறு, ‘ஊட்டளவு’ வேறு. பட்டியலில் இரண்டையும் தனித்தனியே சேர்க்கக் கோருகிறேன்.

அந்த 111 டன்னும் வழக்கமான தொட்டிகளிலேயே அடங்கிவிடுகிறது. பயணியர் கூடத்திலோ சரக்கறையிலோ கூடுதல் தொட்டி இல்லை. அதனால்தான் அதே விமானம் 270 பேரையும் ஏற்றுகிறது. ‘வானூட்டி-போக்குவரத்து விமானம்’ என்று இரட்டைப் பெயர் வைப்பது இங்கே மிகையில்லை.

———

அனைவருக்கும் நன்றி. ஸ்குவாட்ரனை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விடுகிறேன். ‘படைப்பிரிவு’ தரைப்படையின் பல நிலைகளுக்கும் வழங்குகிறது, ‘படையணி’யும் அப்படியே. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

திருத்திய பத்தி:

“33ஆம் ஸ்குவாட்ரனின் 707கள் கூடைமுறை வானூட்டிகள். ஏற்புக்குழல் கொண்ட ஹார்னெட்டுகளுக்கு அவை ஊட்டின. ஏற்புவாய் கொண்ட எஃப்-111களுக்கு ஊட்ட இயலவில்லை. பின்னர் வந்த கேசி-30ஏவில் ஊட்டுகழையும் கூடைகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் அதற்குள், 2010 டிசம்பரிலேயே, எஃப்-111கள் ஓய்வுபெற்றுவிட்டன.”