நாலு வார்த்தை சொன்னா மெட்டாகேமிங்கா?

இருபதாம்பக்கம்:
டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா பகடை உருட்டி ஆடற கற்பனை ஆட்டம்) பத்தி நேத்து இங்கே ஒருத்தர் போட்ட பதிவைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. "யார் டர்னோ அவர் மட்டும்தான் வாயைத் திறக்கணும், மத்தவங்க யோசனை சொன்னா அது மெட்டாகேமிங் (கேரக்டரா இல்லாம, ஆடறவரா வெளியே நின்னு ஆடறது), ஏமாத்து வேலை"னு எழுதியிருக்கார். உதாரணத்துக்கு இழுத்தது என்னைத்தான். பேர் போடலைன்னாலும் எங்க மேஜையில இருந்தவங்களுக்குத் தெரியாதா?

நடந்ததைச் சொல்றேன். டிஎன்டி ஐந்தாம் பதிப்பு, எல்லாரும் 5ஆம் லெவல். மண்டபத்துல ஐந்து பக்பேர் (முரட்டு அரக்கனுங்க) கும்பலா நிக்குது. இனிஷியேட்டிவ்ல, அதாவது யாருக்கு அப்புறம் யாருங்கற வரிசையில, முதல்ல ரோக் (பதுங்கித் தாக்கற கேரக்டர்), அடுத்து என் விசார்ட் (மந்திரவாதி). ரோக் ஆடறவங்க மினியேச்சரை (கேரக்டரோட குட்டிப் பொம்மையை) தூக்கி நட்டநடுவுல வைக்கப் போறாங்க. நான் சொன்னது நாலே வார்த்தை: "உள்ளே போகாதே, நெருப்பு வருது!" என் ஃபயர்பால் மந்திரம் 20 அடி ஆரத்துல இருக்கறவங்களைச் சுடும், சேதம் எட்டு ஆறுபக்கப் பகடை, சராசரி 28. பக்பேருக்குச் சராசரி 27 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). ரோக் கையில மிச்சம் 22. பக்கத்துல நின்னு சண்டை போடறவன் இதைக்கூடக் கத்தக் கூடாதா?

விதிப்படி:
அந்தப் பதிவு நான் போட்டதுதான், ஒளிஞ்சுக்க ஒண்ணுமில்ல. நாலு வார்த்தைங்கறது பொய். பக்கத்து நாற்காலியில நான்தான் உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் வரைபடத்துல விரலை வெச்சு, "இந்தத் தூணுக்குப் பின்னாடி வா, இங்கேயிருந்து அம்பு விடு, கூடுதலா கிடைக்கற போனஸ் ஆக்‌ஷன்ல ஒளிஞ்சுக்கோ"னு பாடம் எடுத்தீங்க. 2014 விதிப்புத்தகத்துல இருக்கறது சுருக்கமான பேச்சு, சைகை, அதுவும் உங்க டர்ன்ல. எல்லாரும் ஒருமுறை ஆடற ஒரு ரவுண்டே கதைக்குள்ள 6 நொடி. உங்க பாடம் ஒரு நிமிஷம் ஓடுச்சு.

இருபதாம்பக்கம்:
விரல் வெச்சது அவங்க "எங்கே நிக்கட்டும்?"னு கேட்டதுக்கு அப்புறம். கேட்டா பதில் சொல்லக் கூடாதா? அதுவும் நான் கத்தினது நாலு வார்த்தை. நாலு.

மெழுகுவர்த்தி:
ரோக்குக்குத்தான் இவேஷன்ங்கற திறமை இருக்கே, டெக்ஸ்டெரிட்டி சேவ் (விலகித் தப்பிக்க உருட்டற பகடை) ஜெயிச்சா சேதமே இல்லையே. எதுக்கு இவ்வளவு பதற்றம்?

இருபதாம்பக்கம்:
இவேஷன் 7ஆம் லெவல்ல வரும். நாங்க 5னு மேலேயே எழுதியிருக்கேன். படிச்சுட்டு வாங்க.

விதிப்படி:
உங்க விசார்டுக்கு இவோக்கேஷன் (நெருப்பு மாதிரி தாக்கற மந்திரப் பள்ளி) எடுத்திருந்தா ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ்ங்கற திறமை இருந்திருக்கும், நம்ம ஆளை நெருப்பு தொட்டிருக்காது, யாருக்கும் கட்டளை போடவும் வேண்டியிருக்காது. டிவினேஷன் (குறி பார்க்கற பள்ளி) வேணும்னு அடம்பிடிச்சது யாரு?

இருபதாம்பக்கம்:
அதுக்குத்தானா இவ்வளவு நாளும் காத்துக்கிட்டிருந்தீங்க? கேரக்டர் உருவாக்கின அன்னைக்கே முகத்தைச் சுளிச்சவர் நீங்க. நான் எந்தப் பள்ளி எடுத்தேங்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? "உங்க டர்ன்ல"னு புத்தகம் சொல்லுதாம். அடுத்தவங்க டர்ன்ல பேசக் கூடாதுன்னு எங்கே சொல்லுது? பக்கத்தைக் காட்டுங்க.

கல்படிக்கட்டு:
3.5 பதிப்புல, 2003லயே, இதுக்குத் தெளிவான விதி இருந்துச்சு. பேசறது செலவில்லாத செயல், அதாவது ஃப்ரீ ஆக்‌ஷன், அடுத்தவன் டர்ன்லயும் பேசலாம், சில வாக்கியத்துக்கு மேல போகக் கூடாது. அதுக்கும் முன்னாடி 1981ல வந்த டிஎன்டி பேசிக் பெட்டியில 'காலர்'னு ஒருத்தரையே வெச்சிருந்தாங்க. எல்லாரும் கலந்து பேசி முடிவெடுப்பாங்க, டிஎம்கிட்ட (ஆட்டத்தை நடத்தறவர்கிட்ட) அவர் சொல்வார். அட்வான்ஸ்டு டிஎன்டியில ஒரு ரவுண்ட் முழுசா ஒரு நிமிஷம். யாரும் மூச்சுத் திணறலை.

விதிப்படி:
நாம ஆடறது 3.5 இல்ல. பேசிக்கும் இல்ல.

கல்படிக்கட்டு:
தெரியும் தம்பி. நீங்க புத்தகத்தைத் தொடறதுக்கு முன்னாடியிருந்தே டிஎம்மா உக்காந்தவன் நான்.

விதிப்படி:
வயசைக் காட்டி விவாதம் ஜெயிக்க முடியாது.

அட்டைக்கட்டு:
குளூம்ஹேவன் ஆட்டத்துல இதுக்கு அருமையான தீர்வு இருக்கு. இனிஷியேட்டிவ் எண்ணைச் சொல்லக் கூடாது, "சீக்கிரம் போவேன்", "மெதுவாப் போவேன்"னு மட்டும் சொல்லலாம். ஒருத்தரே எல்லாருக்கும் ஆடற தொல்லை குறையும்.

இருபதாம்பக்கம்:
அது போர்டு கேம். இங்கே பேசறது ரோல்பிளேயிங்.

அட்டைக்கட்டு:
கட்டம் எண்ணி 20 அடி ஆரம் அளக்கறப்போ மட்டும் அது போர்டு கேம் இல்லையா?

மெழுகுவர்த்தி:
முதல்ல மெட்டாகேமிங்னா என்னன்னு முடிவு பண்ணலாமே? கேரக்டருக்குத் தெரியாததை ஆடறவர் பயன்படுத்தினா ஒண்ணு, கேரக்டர்கள் பேச நேரமில்லாதபோது நாம பேசினா இன்னொண்ணு. ரெண்டையும் குழப்பிக்கிறோம்னு தோணுது.

இருபதாம்பக்கம்:
நேரம் இருந்துச்சு. நாலு வார்த்தைக்கு எத்தனை நொடி ஆகும்? இதுக்கு மட்டும் விதிப்படி பதில் சொல்லவே மாட்டேங்கறார். என் விசார்டும் அந்த ரோக்கும் ஆறு மாசமா ஒரே கூடாரத்துல தூங்கி, ஒரே காவல் மாத்தி நிக்கற ஆளுங்க. "நெருப்பு வருது"ன்னா எத்தனை அடி விலகணும்னு அவங்களுக்கு ஊறிப்போயிருக்கும். மேஜையில நாம ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மூணு மணி நேரம் உக்காரறோம், அது ஊறாது. அந்த இடைவெளியைத்தான் பேச்சு நிரப்புது. வாயை மூடச் சொன்னா ஆறு மாசம் கூடவே இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மாதிரி சண்டை போடுவாங்க. இது எந்த விதத்துல யதார்த்தம்?

விதிப்படி:
ஊறிப்போன ஆளுக்கு விரல் வெச்சுக் காட்ட வேண்டியதில்ல. சண்டைன்னா தப்பு நடக்கும், ஒருத்தன் தவறான இடத்துல போய் நிப்பான். அதைச் சமாளிக்கறதுலதான் ஆட்டமே இருக்கு. நீங்க எல்லாத் தப்பையும் முன்கூட்டியே அழிச்சுடறீங்க. மத்த மூணு பேரும் உங்க மினியேச்சரை நகர்த்தற கையாயிடறாங்க.

நிழல்நடை:
அந்த ரோக் ஆடினது நான்தான். ரெண்டு அண்ணன்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நெருப்பு வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும், விசார்டோட விவரத் தாள்ல (ஷீட்ல) ஃபயர்பால் இருக்கறதைப் பார்த்திருக்கேன். ஆனா அந்த பக்பேர் கும்பலுக்கு நடுவுல கட்டிப் போட்டிருந்தது என் கேரக்டரோட தம்பி. அவனுக்காகத்தான் உள்ளே போகப் பார்த்தேன். "எங்கே நிக்கட்டும்?"னு நான் கேட்கலை. "எங்கே நிக்கறான்?"னு டிஎம்கிட்ட கேட்டேன்.

விதிப்படி:
பார்த்தீங்களா! கேட்கவே இல்லைங்கறாங்க!

இருபதாம்பக்கம்:
நிக்கட்டும், நிக்கறான், சத்தத்துல எனக்கு அப்படித்தான் விழுந்துச்சு. அதை விடுங்க. இப்போ கடிகாரத்தை வெச்சுச் சொல்லிப் பார்த்தேன். "உள்ளே போகாதே, நெருப்பு வருது." ரெண்டு நொடி. ஆறுல ரெண்டு.

விதிப்படி:
விரலுக்கு எத்தனை நொடி?