மாவட்டத்துக்கு ஒரு வாக்கா, குதிரை நிற்கிற லாயத்துக்கு ஒரு வாக்கா?

பனைக்குளம் சாரதி
ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் குதிரையேற்றச் சங்கம் பதிவு செய்யலாமா என்று கொஞ்ச நாளாகவே பேச்சு ஓடுகிறது. தேசியக் கூட்டமைப்பில் யாருக்கு வாக்கு என்பது தெளிவானால்தான் இதற்கு விடை கிடைக்கும். அதையே முதலில் பேசிவிடுவோம்.

2011 தேசிய விளையாட்டு மேம்பாட்டு விதித்தொகுப்பு ஒரு ஏணியைச் சொல்கிறது. மாவட்டச் சங்கங்கள் சேர்ந்தால் மாநிலச் சங்கம், மாநிலங்கள் சேர்ந்தால் தேசியக் கூட்டமைப்பு. மாநிலச் சங்கத்தில் பாதி மாவட்டமாவது இருக்கணும், அதாவது தமிழ்நாட்டின் 38-இல் 19. தேசிய அளவில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 28 மாநிலமும் 8 ஒன்றியப் பிரதேசமும் சேர்ந்த 36-இல் 24. ஆனால் குதிரையேற்றத்தில் கிளப்புகள் நேரடியாக வாக்குப் போட்டு வந்திருக்கின்றன. ராஜஸ்தான் குதிரையேற்றச் சங்கம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கின் மையமே அதுதான்.

என் கட்சி இது: வாக்கு மாவட்டம் வழியாகத்தான் மேலே போகணும். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை குதிரை வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கரையில் குதிரை தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எந்தச் சங்கம்?

கீழக்கரை காக்கா
தம்பி, ஏணி பார்க்க அழகாக இருக்கிறது. சாத்தி வைக்கச் சுவர் வேணுமே. இந்த நாட்டில் போட்டிக் குதிரை எங்கே நிற்கிறது? மீரட்டில் ராணுவக் கால்நடைப் பிரிவு, ஜெய்ப்பூரில் 61-வது குதிரைப்படை, அப்புறம் தில்லி, பெங்களூரு, மும்பை, புனே, சென்னை மாதிரி சில நகரங்களின் கிளப்புகள். தடைதாண்டும் அரங்கம் போட்டு, நடுவரை வரவழைத்து, லாயத்துக்கு வைக்கோல் வாங்குகிறவன் கிளப்புக்காரன். ஒரு குதிரைகூட இல்லாத மாநிலத்துக்கும் அவனுக்கும் ஒரே எடை என்றால், தேர்தலுக்கு முந்தின மாதம் 19 மாவட்டத்தில் 19 லெட்டர்பேடு முளைக்கும். எழுவர் கையெழுத்து, ஒரு ரப்பர் முத்திரை, குதிரை பூஜ்யம். மற்ற விளையாட்டுகளில் இந்தக் காகிதச் சங்கங்கள் என்ன செய்தன என்பது ஊர் அறிந்த விஷயம்.

இரண்டாவது, வண்டிப் பந்தயம் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிப் பிரிவு கிடையாது. அவர்கள் டிரைவிங் என்று சொல்வதில் மூன்று கட்டம் உண்டு. முதலில் டிரெஸ்ஸாஜ், அதாவது சொன்ன அசைவுகளைக் குதிரை பிசகாமல் செய்து காட்டுவது. அடுத்து தடைகளை வளைந்து கடக்கும் மாரத்தான். கடைசியில் கூம்பு வரிசை. கூம்பின் தலையில் பந்து இருக்கும், சக்கரம் உரசிப் பந்து விழுந்தால் ஒன்றுக்கு 3 புள்ளி அபராதம். தார்ச்சாலையில் கொடியைத் தொட்டுத் திரும்பி வருகிற ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கடிவாளம் மட்டும்தான்.

பனைக்குளம் சாரதி
காக்கா, வண்டிப் பந்தயத்தைப் பிரிவாகச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் குதிரைக்காரர்களை உறுப்பினர் ஆக்கச் சொல்கிறேன். தோள்மேட்டில் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகாத குதிரையை சர்வதேச விதி 'போனி' என்கிறது, லாடத்தோடு 149. நம்ம ஊர் மட்டக்குதிரைகளில் பெரும்பாலானவை அதற்குள்தான் வரும். வண்டிக்குப் பழகிய மட்டம், கூட்டத்துக்கும் கொட்டுக்கும் மிரளாத மட்டம். சிறுவர்களை ஏற்றிப் பழக்க இதைவிட என்ன வேணும்?

எடை பற்றிச் சொன்னீர்கள். சர்வதேசக் கூட்டமைப்பு 1921-இல் தொடங்கியது, தலைமையகம் லொசான். அங்கே பொதுக்குழுவில் ஜெர்மனிக்கும் ஒரு வாக்கு, இந்தியாவுக்கும் ஒரு வாக்கு. குதிரைத் தலையை எண்ணி வாக்குக் கொடுத்தால் நம்ம நாடே அங்கே காணாமல் போகும். லொசானில் நமக்குப் பொருந்துகிற நியாயம் ராமநாதபுரத்துக்கு ஏன் பொருந்தாது?

உச்சிப்புளி கால்நடை
வாக்கு யாருக்கு என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள். எந்தக் குதிரை எது என்பதற்கே இங்கே பதிவேடு கிடையாது. தேசிய அமைப்பின் முதல் வேலை தேர்தல் இல்லை, குதிரையின் அடையாளமும் நோய் நிலையும்தான். அதைச் செய்ய என்ன வேணும் என்று எழுதுகிறேன்.

மைக்ரோசிப்: 15 இலக்கம், கழுத்தின் இடப்பக்கம், காதுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில், பிடரிமயிருக்குக் கொஞ்சம் கீழே உள்ள தசைநாரில் போடணும். தோலுக்கு அடியில் மேலாகப் போட்டால் நகர்ந்துவிடும், அடுத்த வருடம் ஸ்கேனரில் சிக்காது. போடுவதற்கு முன்னால் ஒரு முறை ஸ்கேன் செய்தே ஆகணும். சந்தையில் கைமாறி வந்த குதிரைக்கு ஏற்கெனவே சிப் இருந்து, இரண்டாவதையும் போட்டால் பிறகு அடையாளத்தில் குழப்பம்தான்.

கிளாண்டர்ஸ் பரிசோதனை: மனிதனுக்கும் தொற்றும் நோய், சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டியது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்யணும். அந்தப் பயத்தில்தான் பலர் ரத்தம் எடுக்க விடுவதில்லை. சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர், ஹரியானாவின் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை போக வேண்டி வரலாம். இங்கே பெரும்பாலும் கோளாறாவது குளிர்ச்சியில்தான். ரத்தம் எடுத்த குழாயை வண்டி டேஷ்போர்டில் வைத்து ராமநாதபுரம் வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றினால் ரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும், மாதிரி தள்ளுபடி. நிழலில் உறைய விட்டு, சீரத்தை மட்டும் பிரித்து, 4 டிகிரி ஐஸ் பெட்டியில் அனுப்பணும். ஐஸ் குழாயை நேரடியாகத் தொடவும் கூடாது.

தடுப்பூசி: குதிரைக் காய்ச்சலுக்கு (இன்ஃபுளுயன்ஸா) அடிப்படைத் தவணை முடிந்தபின், சர்வதேசப் போட்டி என்றால் வந்திறங்கும் நாளுக்கு முந்தைய 6 மாதம் 21 நாளுக்குள் ஊக்கத் தவணை இருக்கணும், கடைசி 7 நாளில் போட்டிருக்கவும் கூடாது. இந்தக் கணக்கைத் தப்பவிட்டு வாசலிலேயே திரும்பும் குதிரைகள் உலகம் முழுக்க உண்டு.

பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரை கப்பல் கப்பலாக இந்தக் கரைப்பக்கம் இறங்கியது. வந்த குதிரைகள் நிலைக்கவில்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இறக்குமதி செய்யப் பணம் இருந்தது, வளர்க்க அமைப்பு இல்லை. அதே கோளாறு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கீழக்கரை காக்கா
டாக்டர் சொன்னதுதான் என் வாதத்துக்கு வலு. 1982 தில்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் அடுத்த தங்கம் 2023-இல் ஹாங்சோவில், டிரெஸ்ஸாஜ் அணிக்கு. இடையில் 41 வருடம். அந்த அணியின் குதிரைகள் ஐரோப்பாவிலிருந்து போனவை. இந்தியாவில் நிற்கிற குதிரையை வெளிநாட்டுக்கு ஏற்ற நோய்த் தடை குறுக்கே நின்றது. மீரட்டில் நோயற்ற வளாகம் அமைத்து, உலக விலங்கு சுகாதார அமைப்பு அதை 2025 ஜூலை 3-இல் ஏற்றபிறகுதான் வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. கிளாண்டர்ஸ், சர்ரா, தொற்று ரத்தசோகை, பைரோபிளாஸ்மோசிஸ், இன்ஃபுளுயன்ஸா என்று ஒவ்வொன்றுக்கும் தொடர் கண்காணிப்பு. லெட்டர்பேடு சங்கம் இதைச் செய்யுமா?

முதுகுளத்தூர் வக்கீல்
சட்டம் நகர்ந்துவிட்டதை இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. செயற்குழு 15 பேருக்கு மேல் போகக் கூடாது. அதில் சிறப்புத் தகுதி பெற்ற விளையாட்டு வீரர்கள் இரண்டு பேராவது, பெண்கள் நால்வராவது இருக்கணும். அங்கீகாரத்துக்கு தேசிய விளையாட்டு வாரியம், தகராறுக்குத் தனித் தீர்ப்பாயம், தேர்தலுக்குத் தனிக் குழு. சர்வதேச அமைப்பின் விதி இடம் கொடுத்தால் 70 முதல் 75 வயது வரையிலும் நிற்கலாம்.

சாரதிக்கு ஒன்று: பதிவு மட்டும் போதாது. ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் மூன்றையும் வருடாவருடம் பதிவாளரிடம் தாக்கல் செய்யணும். எழுவரோடு தொடங்கி மூன்று வருடம் தாக்கல் செய்யாத சங்கத்துக்கு வாக்காளர் பட்டியல் வரும்போது முதல் ஆட்சேபணை அதன் பெயரில்தான் வரும். காக்காவுக்கு ஒன்று: கிளப் என்பது உறுப்பினர் கட்டணத்தில் நடக்கும் தனியார் இடம். அதன் கதவை யாருக்குத் திறப்பது என்று அதுவே முடிவு செய்யும். அப்படிப்பட்ட இடங்கள் சேர்ந்து நாட்டின் அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டால், மட்டக்குதிரை ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை எந்தக் கதவைத் தட்டுவான்?

தேவிபட்டினம் அக்கா
சங்கம் என்றால் போட்டி நடத்தணும். ஒன்றுகூட நடத்தாத மாவட்டத்துக்கு வாக்கு வேண்டாம் என்பதில் நான் காக்கா பக்கம். ஆனால் இங்கே என்ன நடத்த முடியும் என்று பார்த்தால், மணல் அரங்கமும் ஏற்றுமதிக் குதிரையும் வேண்டாத நீண்டதூரச் சவாரிதான். 20 கிலோமீட்டர் சுற்று இரண்டு, போதும். வேகத்தைவிட நாடித்துடிப்புதான் அதில் நடுவர். சுற்று முடிந்து நிமிடத்துக்கு 64-க்குள் இறங்காத குதிரை வெளியே.

தடம் போடுகிறவர்கள் கவனிக்க: கடற்கரையோரமாக ஓட்டலாம் என்ற ஆசை வேண்டாம். நம்ம பக்கம் ஓதஏற்றம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் கெட்டியான ஈரமணல் பட்டை குறுகல். அதைத் தாண்டினால் குளம்பு புதையும் காய்ந்த மணல், பின்பக்கத் தசைநார் கிழியும். ஜனவரி முதல் ஆமை முட்டையிடும் காலம் வேறு. உள்ளே கண்மாய்க் கரை, பனங்காட்டு வண்டிப்பாதை பார்த்துப் போடுங்கள், முந்தின நாள் சீமைக்கருவேல் முள்ளைக் கூட்டித் தள்ளணும். அந்த முள் குளம்பின் அடியில் 'தவளை' என்கிற மெத்தென்ற பகுதியில் ஏறி ஒடிந்தால் மூன்றாம் நாள்தான் சீழ் தெரியும்.

வெப்பத்துக்கு எளிய கணக்கு: பாரன்ஹீட் வெப்பநிலையோடு காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். 150-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 180-ஐத் தாண்டினால் நிறுத்தம். 33 டிகிரி செல்சியஸ் என்றால் 91; ஈரப்பதம் 75 சேர்த்தால் 166. காலை எட்டு மணிக்குள் முடிக்கிற மாதிரி விடியுமுன் தொடங்கணும். நிலத்தடி நீர் உப்பு, குதிரை குடிக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீரைத் தொட்டியில் கொண்டுவந்து, ஒரு குதிரைக்கு 60 லிட்டர் தனியாக ஒதுக்குங்கள். குளிப்பாட்ட உப்புத்தண்ணீர் போதும், கடைசியில் நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் சரி. தீவனத்தை மணலில் கொட்டாதீர்கள், மணல் வயிற்றில் தங்கிச் சூலை வரும். புல்லில் ஊமத்தை கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபலமைனும் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்படும், சவாரிக்காரர் ஒன்றும் அறியாமலே தடை வாங்குவார்.

பனைக்குளம் சாரதி
அக்கா, ஒத்துக்கொள்கிறேன், வருடம் ஒரு போட்டி கட்டாயம். ஆனால் ஆமைக்காலத்தைச் சொன்னீர்களே, அதில்தான் வாக்கின் அவசியம் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை, பயிற்சியே ஓடாது. வடக்கே அதுதான் அருமையான பருவம். நாட்காட்டியும் இடமும் செயற்குழு முடிவு. அங்கே தெற்குக் கரையின் குரல் இல்லாவிட்டால் குளிர்காலப் போட்டி எப்போதும் வடக்கேதான் விழும்.

ராமநாதபுரத்திலிருந்து தில்லி சாலை வழியாக ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். லாரியில் தலையை உயர்த்திக் கட்டியபடியே போனால் மூச்சுக்குழாயில் சேரும் சளி இறங்க வழியில்லாமல் நுரையீரல் அழற்சி வரும். நாலைந்து மணிக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலை குனிய விட்டு, தண்ணீர் காட்டணும். இரவு இறக்கிக் கட்டணும். ஐந்து நாளுக்குக் குறையாது, போய்ச் சேர்ந்தபின் ஓய்வு வேறு. கிளப்புக்காரர் அங்கேயே குதிரை வாடகைக்கு எடுப்பார். மட்டக்குதிரைக்காரர் என்ன செய்வார்?

கீழக்கரை காக்கா
நாட்காட்டி நியாயம் சரி, தம்பி. அதை மறுக்கவில்லை. ஆனால் வாக்குக்கு முன்னால் மூன்று நிபந்தனை எழுத்தில் வேணும்: சிப் போட்டு, கிளாண்டர்ஸ் சோதனை முடிந்த குதிரை பத்தாவது, டாக்டர் மேற்பார்வையில் வருடம் ஒரு போட்டி, தணிக்கைக் கணக்கு. இது மாவட்டத்துக்கும் வேணும், கிளப்புக்கும் வேணும். இல்லாதவர் யாரானாலும் பார்வையாளர் வரிசையில் உட்காரட்டும்.

முதுகுளத்தூர் வக்கீல்
மாவட்டச் சங்கத்தின் துணைவிதியில் அப்படி எழுதத் தடை இல்லை. மாநில மட்டத்தில் எழுதினால் ஆட்சேபணை வரும். முதலில் கீழே எழுதுங்கள்.

பனைக்குளம் சாரதி
பத்து என்பது முதல் வருடத்துக்கு அதிகம். ஐந்து வையுங்கள். ரத்தம் கொடுக்கவே பயப்படுகிறவர்களிடம் பேசிப் பேசித்தான் கொண்டுவரணும்.

கீழக்கரை காக்கா
எட்டு. பதிவேடு செயலாளர் கையில் இருக்கக் கூடாது, மருத்துவர் கையில் இருக்கணும்.

உச்சிப்புளி கால்நடை
எண்ணிக்கையை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். பதிவேடு இரண்டு பிரதி, ஒன்று என்னிடம். உயரம் அளக்க வருகிறவர்கள் லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சமமாகச் சீவி, நாலு நாள் கழித்துக் கூட்டி வரவும். மணலில் அளந்தால் இரண்டு சென்டிமீட்டர் பிசகும், சிமெண்டுக் களம் இருக்கிற இடமாகச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குள். ஐஸ் பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.