பீட்டில்ஸ் ஹெட்போனில் ஒட்டவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

உலகமே கொண்டாடும் பீட்டில்ஸ் இசைக்குழு பிடிக்காமல் போவதற்கு மெட்டைவிட ஸ்டீரியோ கலவைதான் காரணம் என்று தோன்றுகிறது. 1965இல் வந்த 'ரப்பர் சோல்' ஆல்பத்தின் ஸ்டீரியோவில் பெரும்பாலும் குரல் வலக்காதில், வாத்தியங்கள் இடக்காதில். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் அறைக்குள் கலந்துவிடும். ஹெட்போனில் பிளந்தே நிற்கும்.

ஆண்ட்ராய்டு அமைப்புகளில் மோனோ ஆடியோவை (இரு காதிலும் ஒரே ஒலி) இயக்கினால் பிளவு போகிறது. ஆனால் இரு பக்கமும் பொதுவாக இருந்த ஒலி சுமார் 3 டெசிபல் தூக்கலாகி, மற்றவை அமுங்குகின்றன. மோனோவுக்கென்றே கலந்த பதிப்பைத் தேடலாம் என்றால், 'அபே ரோடு' போன்ற ஆல்பங்களுக்குத் தனி மோனோ கலவையே கிடையாது.

இடவலத்தைக் கொஞ்சமாக மட்டும் கலக்கும் க்ராஸ்ஃபீட் இதற்குப் பொருத்தம்: 700 ஹெர்ட்ஸ் (எந்த அதிர்வெண் வரை கலக்க வேண்டும்), 4.5 டெசிபல் (எவ்வளவு கலக்க வேண்டும்). இந்த அளவை வைக்க முடிகிற இலவச ஆண்ட்ராய்டு பிளேயர் எது? 2009 மோனோ சிடி தொகுப்பு இப்போது எங்கே கிடைக்கும்?