கல்லீரல் மாற்றுக்கு முன் இத்தனை டெஸ்ட் எதற்கு?

கயல்:
அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். வயிற்றில் கோத்த நீரை இரண்டு முறை எடுத்தாயிற்று, மெல்ட் ஸ்கோர் 19. மாற்று அறுவைக்கு உடம்பு ஒத்துவருமா என்று பார்க்க அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். பட்டியலில் எக்கோ என்கிற இதய ஸ்கேன், நுரையீரல் டெஸ்ட், பல் டாக்டர், மனநல டாக்டர் எல்லாம் இருக்கிறது. கெட்டது ஈரல், பல்லை எதற்குப் பார்க்கிறார்கள்? மனநல டாக்டர் என்றதுமே அப்பாவுக்குக் கோபம்.

செந்தில்:
அண்ணனுக்கு இதெல்லாம் பார்த்தோம். மெல்ட் என்பது பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர், கூடவே சோடியம் என்று ரத்தத்தில் பார்ப்பதை வைத்துப் போடும் கணக்கு, 6 முதல் 40 வரை. 15 ஆனாலே மாற்று பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஆனால் அது எவ்வளவு அவசரம் என்றுதான் சொல்லும், உடம்பு தாங்குமா என்று சொல்லாது. புது ஈரலுக்குள் ரத்தத்தைத் திறந்துவிடும் நேரத்தில் பிரஷர் சட்டென்று இறங்கலாம், அதற்கு இதயம் ஈடுகொடுக்க வேண்டும், அதனால்தான் எக்கோ. அப்புறம் பல். ஆபரேஷனுக்குப் பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும், அப்போது ஈறில் கொஞ்சம் சீழ் இருந்தாலும் ஆபத்து. அண்ணனுக்கு இரண்டு பல் பிடுங்கினார்கள், ரத்தம் நிற்கவே அரை நாள் ஆயிற்று.

தேன்மொழி:
மாற்று அறுவை வார்டில் நர்ஸாக இருந்தவள். அப்பாவுக்குப் பைத்தியம் என்று யாரும் நினைக்கவில்லை கயல். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுவாரா, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், குடி உண்டா, இதைத்தான் கேட்பார்கள். குடி இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள், சில வாரங்களுக்கு முன் குடித்ததைக்கூடக் காட்டும் ரத்த டெஸ்ட் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நிறுத்த உதவி கிடைக்கும்.

கயல்:
நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது அக்கா. இன்னொன்று, போன வாரம் சட்டைப் பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படிப் போடுவதென்று தெரியாமல் நின்றார். ராத்திரி தூக்கமில்லை, பகலெல்லாம் தூங்குகிறார். வயசு என்று விட்டுவிட்டோம். இதையும் சொல்லணுமா?

தேன்மொழி:
கட்டாயம் சொல்லணும், அட்மிஷன் வரை காத்திருக்காமல் இன்றைக்கே போன் பண்ணுங்கள். ஈரல் வடிகட்டாத அம்மோனியா மூளையை மந்தமாக்குவதாக இருக்கலாம், மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசமாகும். இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கி நிறுத்தச் சொல்லிப் பார்ப்பார்கள், இந்தப் பிரச்சினை இருந்தால் கை சிறகு மாதிரி அடித்துக்கொள்ளும். மெல்ட் கணக்கில் இது வரவே வராது, வீட்டில் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. என்றைக்கு என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதி எடுத்துப் போங்கள், அந்தப் பட்டன் விஷயத்தையும் சேர்த்து.