இட்லி மாவு, இ.பி. மீட்டர், ஆறாம் வகுப்புப் பாடம்: எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: கோவை_தாய்

மகளுக்கு 11 வயது, வீட்டிலேயே படிக்கிறாள். மாவு அரைக்கக் கூடமாட உதவுவாள், இ.பி. ரீடிங் எடுக்க வந்தால் பக்கத்தில் நின்று பார்ப்பாள். சமச்சீர் ஆறாம் வகுப்புப் புத்தகங்களைப் பிடிஎஃப்பாக இறக்கி வைத்திருக்கிறேன். "இன்று இட்லி மாவு அரைத்தோம்: அறிவியல்" என்று நோட்டில் எழுதினால் போதுமா? எந்த வேலையை எந்தப் பாடத்தோடு சேர்ப்பது? பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இந்த நோட்டு உதவுமா?

பதில்: மாவுப்பானை

அப்படி எழுதினால் போதாதுங்க. ஏதாவது ஒன்றை அளக்க வேண்டும், அந்த அளவிலிருந்து ஒரு கேள்வி கிளம்ப வேண்டும். மாவையே எடுத்துக்கொள்வோம்.

4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. அரிசி 3 டம்ளர்தான் இருக்கிறது என்றால் உளுந்து எவ்வளவு? முக்கால் டம்ளர். இது எல்லோரும் கேட்கிற கணக்கு, இதோடு விடாதீர்கள். தராசில் 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் நிறுத்து, தனித்தனியாக 4 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். அரிசி ஏறக்குறைய 520 கிராமும் உளுந்து 200 கிராமுக்குப் பக்கத்திலும் வரும். 4:1 என்று தொடங்கியது 2.6:1 ஆகிவிட்டது. ஏன் என்று அவளே கேட்பாள். வடிதட்டில் பத்து நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் தண்ணீரையும் சேர்த்து நிறுப்பாள்.

அடுத்தது புளிப்பு. இரவே ஊறவைத்துக் காலை 7 மணிக்கு அரையுங்கள். வழக்கம்போல மாலையில் அரைத்தால் மாவு பொங்குகிற நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பாள். உப்பை மொத்த மாவிலும் கலந்த பிறகே பிரியுங்கள். பக்கம் நேராக உள்ள ஒரே மாதிரியான மூன்று கண்ணாடி டம்ளர்களில் 4 செ.மீ. உயரத்துக்கு மாவு ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு போடுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று மேடையில், ஒன்று வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில். நான்காவதில் உளுந்தே சேர்க்காத அரிசி மாவை மேடையில் வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போடட்டும்.

மேடை மாவு வெயில் காலத்தில் 8 முதல் 10 மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், பிறகு இறங்கும். இறங்கியதையும் குறிக்க வேண்டும், வாயு வெளியேறுவது அதில்தான் தெரியும். உளுந்தில் இயல்பாகவே இருக்கும் லியூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அதைப் பிடித்து வைக்கிறது. அரிசி மாவு மட்டும் ஏன் சரியாக உப்பவில்லை என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனை கெட்டுப்போவது மூன்று இடத்தில். அளக்கும்போது கரண்டியை விட்டால் குமிழ் உடைந்துவிடும். பாதிக்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும். மூடி போட்டு இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். தட்டு கவிழ்த்தால் போதும்.

புத்தகத்தில் இது முதல் பருவத்து "விகிதம் மற்றும் விகித சமம்", "அளவீடுகள்", இரண்டாம் பருவத்து "நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்" மூன்றிலும் போய் நிற்கும்.

பதில்: ஒயர்மேன்_மதுரை

மீட்டரைப் பற்றி நான் சொல்கிறேன். மின்னணு மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னும். யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும். 3200 பரவலாகக் காணப்படும் எண். 1600ம் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். 3200 என்றால், ஒரு நிமிடத் துடிப்பை 18.75ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். (60 × 1000 ÷ 3200. இதை அவளே கண்டுபிடிக்க விடுங்கள்.)

ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 750 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 40 துடிப்பு. குறைவாக வந்தால் பெரும்பாலும் சூடு ஏறி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இடையில் நிறுத்தியிருக்கும். ஆறிய பெட்டியில், திருகை உச்சத்தில் வைத்து, முதல் நிமிடத்திலேயே எண்ண வேண்டும். வோல்டேஜும் காரணமாகலாம்: 230க்குப் பதில் 207 வந்தால் 32தான் வரும்.

மின்விசிறிக்கு ஐந்து நிமிடம் எண்ணுங்கள், ஒரு நிமிடம் போதாது. பழைய 75 வாட் விசிறி 20, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை 30 வாட் விசிறி 8. தினம் 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் முன்னது 45 யூனிட், பின்னது 18.

நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் விலை படிப்படியாக ஏறும்; மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறுகிறது. 500க்கும் 501க்கும் தனித்தனியாகப் பில் போடச் சொல்லுங்கள், அந்த ஒரு யூனிட்டின் விலையைப் பார்த்து அசந்துபோவாள். மீட்டர் பெட்டியைத் தொடக் கூடாது, பார்ப்பது மட்டும்தான்.

கோவை_தாய்: ரொம்ப நன்றி. தமிழுக்கு இப்படி ஏதாவது உண்டா?

பதில்: எழுத்தாணி

மாவு அரைக்கும் முறையையே எழுதச் சொல்லுங்கள். வேறொருவர் அதைப் படித்து, அதில் உள்ளபடி மட்டும் செய்ய வேண்டும். விட்டுப்போன படி அங்கேயே தெரிந்துவிடும். "கழுவி, ஊறவைத்து, வடித்து, அரைத்து" எல்லாம் வினையெச்சம். "உளுந்தைக் கழுவி" என்பதில் க் ஏன் வந்தது? இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும். தானே எழுதிய வரியில் பார்த்த விதி மறக்காது.

ஆனால் எல்லாம் வீட்டு வேலையில் வந்துவிடாது. வெவ்வேறு பகுதிகள் கொண்ட பின்னங்களைக் கூட்டுவது, குறை எண்கள், இயற்கணிதம், வரலாறு: இவற்றைப் புத்தகத்தை வைத்து நேராகச் சொல்லிக்கொடுங்கள். மாதக் கடைசியில் பொருளடக்கத்தைத் திறந்து, செய்து முடித்த பாடங்களுக்கு டிக் போட்டால் மிச்சம் எது என்று தெரியும். அளக்கும் வேலை வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் வைத்தால் சமையலறைப் பக்கமே வரமாட்டாள்.

தேர்வைப் பற்றி: தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு மொழி உட்படக் குறைந்தது 5 பாடம். இந்த நோட்டுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. நேரம் வைத்து விடை எழுதுவது தனிப் பழக்கம். 13 வயதில் பழைய வினாத்தாள்களோடு தொடங்குங்கள்.