காசில்லாமல் புரோகிராமிங் பழகியவர்கள் இங்கே வந்து உங்கள் கதையைச் சொல்லுங்கள்

சுன்னாகம் கடைக்காரன்

எனக்கு வயது 31. சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முதல் கோடிங் ஆசை பிடித்து, யாழ்ப்பாணம் டவுனில் ஓரிடத்தில் 45,000 ரூபா கட்டிச் சேர்ந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஆறு மாத வகுப்பு. முதல் இரண்டு மாதமும் கணினியின் வரலாறு, வேர்ட், எக்செல் என்றே போய்விட்டது. மூன்றாம் மாதம் ஜாவா என்கிற நிரல்மொழி தொடங்கியபோது சேர் பலகையில் எழுதினார், நாங்கள் கொப்பியில் பார்த்து எழுதினோம். கொப்பியில்! ஓட்டிப் பார்க்க 12 பேருக்கு 4 கணினி. நாலாம் மாதம் நான் போகவில்லை. காசும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இலவசமாக என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன், கூடிப்போனதுதான் பிரச்சினை. ஃப்ரீகோட்கேம்ப், டபிள்யூ3ஸ்கூல்ஸ், கோட்அகாடமி, சோலோலேர்ன், யூடியூப்பில் மணிக்கணக்கில் நீளும் வீடியோக்கள். எல்லாவற்றிலும் முதல் பாடத்தை மட்டும் முடித்தேன். ஐந்து நிரல்மொழியில் "ஹலோ வேர்ல்ட்" என்று திரையில் காட்டுகிற முதல் பாடத்தை எழுதத் தெரியும், அதற்கு அடுத்த வரி ஒன்றிலும் தெரியாது. புக்மார்க் மட்டும் நாற்பதைத் தாண்டிவிட்டது.

வீட்டில் கணினி இல்லை. ஒரு நாள் போனில் பைட்ராய்டு என்ற செயலியை இறக்கினேன். ஒருக்கா இறக்கினால் போதும், டேற்றா இல்லாமலே பைதன் என்கிற நிரல்மொழி ஓடும். மத்தியானத்தில் கடைக்கு ஆள் வருவது குறைவு. சீமெந்து மூட்டைக்குப் பில் போடுகிற ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன். விலை கேட்கும், எத்தனை மூட்டை என்று கேட்கும், பெருக்கிச் சொல்லும். அவ்வளவுதான்.

விலை 2350 கொடுத்தேன். மூட்டை 3. விடை 235023502350.

இருபத்து மூவாயிரம் கோடிக்கு மேல். அந்தக் காசுக்கு முதலாளி சுன்னாகத்தையே வாங்கிவிடுவார். இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். பைதனில் நாங்கள் தட்டிக் கொடுக்கிற எதையும் அது எழுத்தாகத்தான் வாங்கும், எண்ணாக மாற்றச் சொல்லி நாங்கள்தான் சொல்லவேண்டும். நான் மூட்டையை மாற்றினேன், விலையை மாற்ற மறந்துபோனேன். அது "2350" என்ற எழுத்தை மூன்று தரம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. அதுக்கு விளங்கியபடி அது சரியாகத்தான் செய்திருக்கிறது.

இது விளங்கியது ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்கிற இலவச வீடியோப் பாடங்களில். திரையில் இருப்பது ஆங்கிலம், ஆனால் விளக்கம் தமிழ்க் குரலில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நிமிடம்தான். கடையில் இருந்தபடி ஒன்றை முழுதாகப் பார்த்து முடிக்கலாம். தமிழ் கொஞ்சம் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், பழகிவிடும்.

சரி, நீங்கள் எங்கே தொடங்கினீர்கள்? எங்கே விட்டீர்கள்? விட்ட கதையையும் சொல்லுங்கள்.

கோப்பாய் ஏ.எல். பிள்ளை

அண்ணா, எங்களுக்கு ஓ.எல். (சாதாரண தரம்) வரைக்கும் பாஸ்கல் மொழி, ஏ.எல்.இல் (உயர்தரம்) பைதன். மாறிக்கு ஒரு பெறுமானம் கொடுக்கும்போது ஒரு வருடமாகக் கை தானாகவே பாஸ்கல் மாதிரி := என்று போடும், பைதன் திட்டும். வரிக்கடைசியில் அரைப்புள்ளி போட்டால் மட்டும் அது ஒன்றும் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும், ஏனென்று தெரியாது.

ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடப்புத்தகங்கள் தமிழில் பிடிஎப்பாகச் சும்மா கிடக்கின்றன. தரம் 10, 11 தகவல் தொழில்நுட்பப் புத்தகத்தில் பாய்ச்சற்கோட்டுப் படம் (ஃப்ளோசார்ட்), மாறி (வேரியபிள்), தெரிவு, மீள்செயல் (லூப்) எல்லாம் எங்கள் தமிழிலேயே இருக்கிறது. படிக்கிற வயது தாண்டியவர்களும் எடுத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்வி அமைச்சின் இணையப் பாடத் தளமான ஈ-தக்சலாவவும் இருக்கிறது, ஆனால் எனக்குப் புத்தகம்தான் பிடித்தது.

நெடுந்தீவு ரீச்சர்

எங்கள் பக்கத்தில் சிக்னல் காற்றோடு வந்து காற்றோடு போகும். ஆகவே என்னுடைய வழி பென்டிரைவ். யாழ்ப்பாணம் வரும்போது இறக்கிக்கொண்டு குறிகட்டுவானில் படகு ஏறுவேன். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகுகிற ஸ்கிராட்ச்சை முழுதாக இறக்கிவைத்தால் இணையம் தேவையில்லை. அதை அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லாப் 2007இல் வெளியிட்டது. வரி எழுதத் தேவையில்லை, கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் இருக்கிற பூனை நடக்கும்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் கணினியையே காட்டவில்லை. வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒருவனைப் பூனையாக்கினோம். "பத்து அடி நட, 90 பாகை திரும்பு" என்று மற்றவர்கள் கட்டளை போட்டார்கள். நாலு தரம் சொன்னதும் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றான். "ரீச்சர், அதையே நாலு தரம் சொல்லவேணுமோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற லூப் என்ற சொல்லை நான் அதற்கு முதல் வாயிலும் எடுக்கவில்லை.

பிறகு கணினியில் போட்டோம். 15 பாகை திருப்பம், 24 தரம். பூனை வட்டம் போட்டது. ஏன் 24 என்று கேட்டேன். பெருக்கிப் பார்த்து 360 என்று கண்டுபிடித்தவன் கணக்குப் பாடத்தில் எப்போதும் பின்வாங்கில் இருப்பவன். அடுத்த கிழமை 30 பாகை போட்டால் எத்தனை தரம் என்று அவனே மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு திரிந்தான்.

பருத்தித்துறை இரவுக்குருவி

கடைக்காரன் அண்ணை, கொப்பியில் எழுதுவதைப் பகிடி பண்ணாதீர்கள். நான் பழகியதே கொப்பியில்தான்.

2022. ஞாபகம் இருக்கும்தானே. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. எரிபொருள் வரிசை, காஸ் வரிசை. கம்பஸ் எடுபடும்வரை வீட்டில் இருந்த நான், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்துகிற சிஎஸ்50 என்ற கணினி அறிமுக வகுப்பைத் தொடங்கினேன். டேவிட் மாலன் என்கிற பேராசிரியர் படிப்பிக்கிறார். மேடையில் நாடகம் நடிக்கிற மாதிரி ஓடித்திரிவார், நித்திரை வராது. முதல் வாரம் ஸ்கிராட்ச், அடுத்த வாரமே சி மொழி. அங்கேதான் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

சி மொழியின் முதல் பயிற்சிகளில் ஒன்று மேரியோ விளையாட்டில் வருவதுபோல # குறிகளால் படி கட்டுவது. என் படி இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. வேண்டியது வலப்பக்கம். லாப்டொப் பற்றரி இரண்டு மணிநேரம்தான் தாங்கும், அதில் ஒன்று வீடியோவுக்குப் போய்விடும். ஆகவே கரண்ட் இல்லாத நேரத்தில் கணக்குக் கொப்பியின் கட்டங்களில் வரைந்தேன். உயரம் 8 என்றால் முதல் வரியில் 7 வெற்றிடம், 1 குறி. அடுத்ததில் 6, 2. கூட்டினால் எப்போதும் 8. இதை எழுதிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. இரவு கரண்ட் வந்ததும் தட்டினேன், முதல் தரத்திலேயே சரிவந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கோ இவ்வளவு நாள்?" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டா.

நாலாம் வாரம், நினைவகத்தில் ஒன்று இருக்கிற முகவரியைப் பிடித்து வைக்கிற பொயின்டர் வந்தது. விட்டேன். உண்மையாகவே ஐந்து மாதம் திறக்கவில்லை. திரும்பத் தொடங்கியபோது விட்ட இடத்திலிருந்து போகாமல் இரண்டாம் வாரத்திலிருந்து வந்தேன், அது நல்லதாகப் போயிற்று.

சான்றிதழ் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த வகுப்பு கிடைக்கிற எட்எக்ஸ் தளத்தில் சான்றிதழ் வேண்டுமென்றால் காசு கேட்கும். அதே பயிற்சிகளைச் சிஎஸ்50இன் சொந்தத் தளத்தின் வழியாகச் செய்தால் அவர்கள் தருகிற சான்றிதழ் இலவசம். தெரியாமல் காசு கட்டிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கொழும்பில் ஐடி

எல்லாரும் தமிழில் தமிழில் என்கிறீர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதை வாசிக்கப் பயந்தால் ஓரிடத்திலும் நிற்கமுடியாது. நான் இங்கே நேர்முகத்துக்குப் போனபோது ஒருவரும் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, நாங்கள் எழுதிய நிரல்களைப் போட்டுவைக்கிற கிட்ஹப் பக்கத்தைத்தான் கேட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் பைதனும் வலை வடிவமைப்பும் இலவசமாகவே படிப்பிக்கிறது, ஆங்கிலத்தில். அதைச் செய்யுங்கள். ஊரில் யாழ் ஐடி ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பு நடத்துகிற கூட்டங்களுக்கும் ஒருக்கா போய்ப் பாருங்கள்.

சாவகச்சேரி மகன்

கொழும்பு அண்ணை சொல்வது வேலைக்குப் போகிறவனுக்குச் சரி. என் அப்பா தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். நான் பைதன் படிக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "பிரிண்ட் எண்டு போட்டிருக்கிறாய், கடதாசி எங்க வரும்?" என்று கேட்டார். பகிடியில்லை, உண்மையாகவே கேட்டார். பைதனில் பிரிண்ட் என்றால் திரையில் காட்டு என்றுதான் அர்த்தம்.

அவருக்கு எழில் என்ற நிரல்மொழியைக் காட்டினேன். முத்து அண்ணாமலை உருவாக்கியது, கட்டளைகள் எல்லாம் தமிழ். பதிப்பி என்றால் திரையில் எழுதும். நிபந்தனை போட "ஆனால்", "இல்லை", "முடி" என்ற சொற்கள், வாக்கியம் மாதிரியே போகும். அரை மணித்தியாலத்தில் தன் ஓய்வூதியக் கணக்கைக் கூட்டிக்காட்டினார். எழிலில் வேலை கிடைக்காது, தெரியும். அவருக்கு வேலை தேவையில்லை. இப்போது கணியம் தளத்தில் இலவச மின்னூல்களை இறக்கி, வலைப்பக்கம் செய்கிற எச்டிஎம்எல் வாசிக்கிறார். எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு பக்கம் செய்யப்போகிறாராம். எழுத்து நிறம் மட்டும் கடும் சிவப்பு வேண்டுமாம், அதில் எங்களுக்குள் சண்டை நடக்கிறது.

சுன்னாகம் கடைக்காரன்

குருவி, கொப்பி விஷயத்தில் தோற்றுப்போனேன். ஆனால் நீங்கள் யோசித்து எழுதினீர்கள், எங்களைப் பார்த்தெழுத வைத்தார்கள். அந்த 45,000 இன்னும் எரிகிறது.

ரீச்சர், அடுத்த தரம் யாழ்ப்பாணம் வரும்போது சொல்லுங்கள். ஸ்போக்கன் டுடோரியல் பைதன் வீடியோக்கள் முழுவதையும் இறக்கி வைத்திருக்கிறேன், பென்டிரைவில் போட்டுத் தரலாம்.

நாற்பது புக்மார்க்கில் முப்பத்தாறை அழித்துவிட்டேன். நேற்று முதலாளி பில் நிரலைப் பார்த்தார். விலை சரியா என்று தன் கல்குலேட்டரில் மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "கடனுக்குச் சாமான் எடுத்த ஆக்களின்ர கணக்கையும் இதில போடேலுமோ?" என்றார். அதற்குப் பெயரையும் தொகையையும் சோடியாக வைக்கிற பைதனின் டிக்ஷனரி தெரியவேண்டும், கோப்பில் சேமிக்கவும் தெரியவேண்டும். இரண்டும் எனக்குத் தெரியாது. ஏலும் என்று சொல்லிவிட்டேன். எந்த வீடியோவில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.